பிரமாச்சிக்கு வச்ச கடைச்சீப்பு

ஆத்துக்குப் பாலம் கெடையாது, அக்கரைக்குப் போகணும்னா தோணிதான், அப்படி ஒரு காலம்னு நெனைச்சுக்கிடுங்க. அந்தக் காலத்துல தாமிரவருணிக்குத் தென்கரையில பூலாமடைன்னு ஒரு ஊரு. ஊரைச் சுத்தி வாழை. வாய்க்கால் ஓரம் வாழை, வீட்டுக்குப் பொறத்தால வாழை, ஆத்துக்கு நடுவுல மண்ணு மேடிட்டுக் கெடந்த திட்டுலயும் வாழை. காத்தடிச்சா ஊரே ரகசியம் பேசுற மாதிரி இருக்குமாம்.

அந்த ஊர்ல ஆவுடைன்னு ஒருத்தி இருந்தா. வாழைக்காய்க்கு மூட்டம் போடுறது அவ வேலை. மூட்டம்னா என்னன்னு கேக்கியளா? மண்சுவரு வச்ச சின்ன அறை. சன்னல் கெடையாது. குனிஞ்சு நுழையுற மாதிரி ஒரு வாசல், அம்புட்டுதான். உள்ள வாழைத்தாரை அடுக்கி, மேல வாழைச்சருகு போட்டு மூடி, ஒரு பானையில தேங்காய் மட்டையும் உமியும் போட்டுக் கனல வைக்கணும். பொறவு வாசல்ல பலகையைச் சாத்தி, சுத்திக் களிமண்ணை அப்பிப் புகை வெளிய போகாம அடைக்கணும். நாலு நாளோ அஞ்சு நாளோ, தெறந்தா உள்ள பொன்னு மாதிரிப் பழம் இருக்கும். ஊர்ல எல்லாரும் ஆவுடைகிட்டத்தான் தாரைக் கொண்டாந்து குடுப்பாவ. அவ கை அப்படின்னு சொல்லுவாவ.

ஆவுடை புருசன் பேரு தளவாய். நல்ல மனுசன்தான். உழைப்பாளி. ஆனா மனசுக்குள்ள ஒரு முள்ளு.

என்ன முள்ளு? அந்த ஊர்ல வருசா வருசம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, கொடைன்னு சொல்லுவாவ, அதுக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு தார் கொண்டாந்து கோயில் முகப்புல கட்டணும். ஆரு தார் பெருசோ அவருக்குத்தான் முதல் மரியாதை. தலையில பரிவட்டம் கட்டுவாவ. தளவாய்க்கு அது ஒரு வருசமும் கெடைச்சதில்ல. முந்தின வருசம் கோயில் வாசல்ல வச்சு அவரு சொந்தப் பெரியப்பா மகனே சொல்லியிருக்காரு, "தளவாய் தாரு நண்டுக்கால் மாதிரில்லா இருக்கு"ன்னு. சனம் சிரிச்சிருக்கு. தளவாயும் சேந்து சிரிச்சிட்டு வீட்டுக்கு வந்தாராம். வந்தவரு சோத்துல கை வைக்கல.

அந்த வருசம் ஆத்துத் திட்டுல கன்னு வச்சாரு. வண்டல் மண்ணு, கேக்கணுமா. மரம் ஒவ்வொண்ணும் யானைக்கால் தண்டி வந்துது. அதுல ஒரு மரம் தனி. குலை தள்ளுனதும் தளவாய் என்ன செஞ்சாரு, அருவாளை எடுத்து நுனியில வார சின்னச் சின்னச் சீப்பையெல்லாம் ஒடிச்சுப்போட்டாரு. தார்ல மேல இருக்குறது தலைச்சீப்பு, நுனியில இருக்குறது கடைச்சீப்பு. கடைச்சீப்பை ஒடிச்சிட்டா அதுக்குப் போற சத்தெல்லாம் மேல போயி, மேல உள்ள காய் பெருக்கும். எல்லாரும் கொஞ்சம் ஒடிப்பாவதான். தளவாய் பாதித் தாரை ஒடிச்சிட்டாரு. மிச்சக் காய் பெருத்துது பெருத்துது, மணிக்கட்டு தண்டிக்குப் பெருத்துது. தார் மண்ணைத் தொட்டிரும்னு முட்டுக் குடுத்து நிப்பாட்டியிருந்தாராம்.

பொறவு வீட்டுல ஒரு சட்டம் போட்டாரு. அம்மனுக்குத் தார் கட்டுற வரைக்கும் இந்த வீட்டுல ஆரும் வாழைப்பழம் திங்கக் கூடாது. நேந்துக்கிட்டேன்னாரு. ஊருக்கும் தெரியும், அதனால பக்கத்து வீட்டுக்காரவளும் ஒரு பழம் குடுக்க மாட்டாவ.

சரின்னு எல்லாரும் இருந்தாவ. ஒருத்தியால இருக்க முடியல. அவதான் பிரமாச்சி.

பிரமாச்சி தளவாய்க்குக் கூடப் பொறந்த தங்கச்சி. புருசன் இலங்கைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போயிட்டான். அவ மாசமா இருந்தா. பேறுகாலத்துக்குன்னு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தா. ஆவுடைக்கு அவ மேல உசுரு. ஆவுடைக்குப் பிள்ளை இல்ல, அதனால இந்தப் பிள்ளைக்கு இப்பவே துணி கிழிச்சு மடிச்சு வச்சிருந்தா.

மாசமா இருக்குறவளுக்கு எதுல ஆசை போகும்னு சொல்ல முடியாது. சிலருக்கு மாங்காய், சிலருக்குச் சாம்பல். பிரமாச்சிக்கு வாழைப்பழம். வீடு பூராவும் அந்த வாடை. மூட்டறை பொறவாசல்லதான இருக்கு. "மதினி, ஒண்ணே ஒண்ணு தாங்க மதினி"ம்பா. ஆவுடை அவ தலையத் தடவிட்டு, "கொடை முடியட்டும் தாயி, ஒரு சீப்பே உனக்குத்தான்"ம்பா. எத்தனை தடவை இப்படி.

ஒரு நாள் தளவாய் வாய்க்கால் பக்கம் போறாரு. அங்க பிரமாச்சி குத்தவச்சிருக்கா. மாட்டுக்குப் போட்ட கடைச்சீப்பை எடுத்துப் பச்சையாக் கடிச்சுக்கிட்டு இருக்கா. வாயெல்லாம் கறை. தளவாய்க்கு எங்கிட்டுப் பாத்தாலும் சனம் சிரிக்குற மாதிரித்தான தெரியும். "மாட்டுக்குப் போட்டதத் திங்குதியே, தளவாய் தங்கச்சின்னு ஊர்ல என்ன சொல்லுவான்?"ன்னு வஞ்சிட்டாரு. அவ வாயத் தொடைச்சிட்டு எந்திரிச்சுப் போனா. அதுக்கப்புறம் அவ ஆருகிட்டயும் பழம் கேக்கல. ஆவுடைகிட்டயும் கேக்கல.

கொடை நெருங்கிச்சு. தளவாய் தாரை வெட்டிக்கிட்டு வந்துட்டாரு. ரெண்டு ஆளு தூக்கிக்கிட்டு வந்தாவ, ஊரே வந்து பாத்துது. ஆவுடையும் பாத்தா. காயை வெரலால தடவிப் பாத்தா. பெருசுதான். ஆனா விளிம்பு ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி நிக்குது. விளைஞ்ச காய்க்கு விளிம்பு மழுங்கி உருண்டு வரும். இது பெருத்துருக்கே தவிர முத்தல.

ஆவுடை சொன்னா, "இது இன்னும் ஒரு மாசம் மரத்துல நின்னுருக்கணும். இப்ப மூட்டம் போட்டாலும் தொலி மஞ்சளாகும், உள்ள கல்லு மாதிரித்தான் இருக்கும். அம்மனுக்கு இதையா வைக்கப் போறிய?"

தளவாய் சொன்னாரு, "அம்மன் தின்னு பாக்கவா போறா. எல்லாரும் கண்ணாலதான் பாக்கப் போறாவ. நீ மூட்டத்தப் போடுட்டி."

ஆவுடைக்கு ஒரு வழி தெரியும். பழுத்துக்கிட்டு இருக்குற தாரைப் பக்கத்துல வச்சா, அதோட சூட்டுக்கு மத்ததும் சீக்கிரம் பழுக்கும். பொறவாசல்ல ஒரு மரம், கவனிப்பில்லாம நின்ன மரம், ஆரும் ஒடிக்காம கடைச்சீப்பு வரைக்கும் விட்ட தாரு. காய் வெரலத்தண்டிதான். ஆனா மரத்துலயே நின்னு முத்தி, உருண்டு, மேல் சீப்பு பழுக்க ஆரம்பிச்சிருந்துது. அதை வெட்டி மூட்டறைக்குள்ள தூர மூலையில, பெரிய தாருக்குப் பக்கத்துல வச்சா. தொலி காகிதம் மாதிரி. தொட்டா உரிஞ்சிரும். தேன் வாடை அடிச்சுதாம்.

பானையில கனலு போட்டுட்டு, களிமண்ணு எடுக்க ஆவுடை வாய்க்காலுக்குப் போனா. நல்ல உச்சி வெயிலு. தெருவுல ஆளில்ல. போயி, மண்ணைக் குழைச்சு, சட்டியில அள்ளிக்கிட்டு வந்தா. வந்து பாத்தா உள்ள புகை கட்டியாச்சு, ஒண்ணும் தெரியல. தளவாய் பலகையோட நிக்காரு. சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துதாரு. பலகையச் சாத்தியாச்சு. ஆவுடை மண்ணை அப்ப ஆரம்பிச்சா.

கடைசிக் கை மண்ணு இருக்கும்போது உள்ள ஒரு சத்தம். தொம்முன்னு ஒண்ணு.

ஆவுடை கை நின்னுது. "என்னமோ கேட்டுதே"ன்னா.

"தார் சரிஞ்சிருக்கும்"னாரு தளவாய்.

ஆவுடை காதை வச்சுக் கேட்டா. ஒண்ணும் கேக்கல. மிச்ச மண்ணையும் வச்சு அடைச்சிட்டா. கையால நல்லா வழிச்சும் விட்டா. அந்த வெரல் தடம் மண்ணுல பதிஞ்சு காஞ்சு கெடந்ததப் பாத்தவங்க இருக்காவன்னு சொல்லுவாவ.

பொழுது சாயும்போது பிரமாச்சியக் காணும். வீட்டுல இல்ல. தோப்புல இல்ல. ஆத்தங்கரையில அவ செம்பு ஒண்ணு கெடந்துது. அது எப்பக் கெடந்துதோ ஆரு கண்டா. ஆத்துல போயிட்டான்னு முடிவு கட்டி, தோணி போட்டுத் தேடுனாவ. கீழ்க்கரை ஊருக்கெல்லாம் ஆளு விட்டாவ. தளவாய் கழுத்தளவு தண்ணியில எறங்கி நாணலைப் பிடிச்சு இழுத்து இழுத்துப் பாத்தாராம். வாய்க்கால்ல தங்கச்சிய வஞ்ச வார்த்தையை அவரு ஆருகிட்டயும் சொல்லல. ஆவுடை மூட்டறைச் சுவத்துலயே சாஞ்சு உக்காந்து அழுதா. அந்தச் சுவத்துலதான் சாஞ்சா. இடையில ஒரு மண்சுவருதான்.

கொடை அன்னைக்குக் காலையில மேளம் வந்தாச்சு. நேந்த தாரை நிறுத்த முடியாதுன்னு ஊர்ப் பெரியவங்க சொல்லிட்டாவ. ஆவுடை போயி மண்ணை உடைச்சா. பலகைய எடுத்தா. உள்ள இருந்து வந்தது பழ வாடை. செத்த வாடை கொஞ்சமும் இல்லியாம், பழ வாடைதானாம்.

தூர மூலையில பிரமாச்சி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. வயித்து மேல ஒரு கை. இன்னொரு கையில ஒரு சின்னப் பழம், உரிச்சது, கடிக்காதது. சின்னத் தார் அம்புட்டும் பழுத்து மஞ்சளாக் கெடந்துது. அவ தலைக்கு மேல தளவாயோட பெரிய தாரு, வெட்டுன அன்னைக்கு இருந்த மாதிரியே பச்சை.

மேளம் நின்னுது.

மாசமாச் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல்லு நடணும். பூலாமடைக்குப் போற பாதையில நட்டாவ. ரெண்டு கல்லு நிறுத்தி மேல ஒரு கல்லு. தலைச்சுமைக்காரங்க எறக்கி வைக்க. அவ வயித்துச் சுமை எறங்கட்டும்னு. எறங்கல. அந்தக் கல்லுல தாரை வச்சுட்டுத் தூக்குனா கூடக் கனக்குதுன்னு சுமைகாரங்க சொன்னாவ. கொஞ்ச நாள்ல அந்தப் பாதையையே விட்டுட்டுச் சுத்திப் போக ஆரம்பிச்சாவ.

தளவாய் அந்தப் பெரிய தாரை உத்தரத்துல கட்டித் தொங்க விட்டிருந்தாரு. பழுக்கல. வாரம் போச்சு, மாசம் போச்சு, பழுக்கல. அழுகவும் இல்ல. காம்புல இருந்து கறை மட்டும் சொட்டும். ஒரு நாள் ஆவுடை வந்து பாக்கா, மனுசன் தாருக்குக் கீழ உக்காந்து காயைப் பல்லால உரிச்சு உரிச்சுத் திங்காரு. வாயெல்லாம் கறை. "பழுத்துட்டு, பாரு, பழுத்துட்டு"ங்காரு. அதுதான் அவரு கடைசியாப் பேசுன பேச்சுன்னு சொல்லுவாவ. பொறவும் ரொம்ப வருசம் உசுரோட இருந்தாரு. பேசல.

அதோட போச்சான்னா, போகல. அடுத்த வெள்ளாமையில ஊர் பூரா வாழை பெருத்துது. ஆரும் ஒடிக்காமலே கடைச்சீப்பு தானா உதுந்துது. மேல உள்ளது தொடையத்தண்டி. மொதல்ல சனத்துக்குச் சந்தோசம். மூட்டம் போட்டுத் தெறந்து பாத்தா பச்சை. திரும்பப் போட்டாலும் பச்சை. நறுக்குனா வெள்ளைவெளேர்னு, கல்லு மாதிரி, வாயில வச்சா நாக்கு ஒட்டிக்கிடும். திருநவேலியில இருந்து வந்த வண்டியெல்லாம் வெறும் வண்டியாத் திரும்புச்சு.

ஆவுடை மூட்டம் போடுறத விடல. வேற ஆரும் போட மாட்டேன்னுட்டாவ. அவ பலகையச் சாத்தி மண்ணு அப்பி முடிப்பா. உச்சி வெயில் நேரத்துக்கு உள்ள இருந்து தொம்முன்னு ஒண்ணு கேக்கும். உடனே ரெண்டு கையாலயும் மண்ணைப் பிச்செறிஞ்சு தெறப்பா. உள்ள ஆரும் இருக்க மாட்டாவ. புகையெல்லாம் வெளிய போயிரும். பொறவு எங்க பழுக்க? அவளுக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு சொன்னாவ. அப்படிச் சொன்ன பொம்பளையளே அந்த வழியாப் போகும்போது சத்தத்தக் கேட்டாவ. கேட்டவங்க சொல்லாம இருந்துட்டாவ.

ஆவுடை ஒரு முடிவுக்கு வந்தா. தனியாத் தோணியில ஆத்துத் திட்டுக்குப் போனா. அங்க தளவாயோட பெரிய தாரு விட்ட அந்த மரத்தோட பக்கக்கன்னு ஒண்ணு குலை தள்ளியிருந்துது. கடைச்சீப்பு உதுராம இருக்க, நார் வச்சு ஒவ்வொண்ணாக் கட்டுனா. பச்சைப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுற மாதிரிக் கட்டுனா. பொறவு காத்திருந்தா. ஊர்ல எல்லாரும் வெட்டி முடிச்சாவ, இவ வெட்டல. வெள்ளம் வரப்போகுதுன்னு தோணிக்காரரு சொன்னாரு, அப்பவும் வெட்டல. காய் பெருக்கல. ஆனா விளிம்பு மழுங்கிச்சு. மழுங்கி, உருண்டு, ஒரு நாள் வெரலுக்கு வழவழன்னு இருந்துது. அன்னைக்குத்தான் வெட்டுனா. தலையில தூக்கிக்கிட்டுத் தெருவோட வந்தா. இதுக்கா இம்புட்டு நாளுன்னு பாத்தவங்க கேட்டாவ. அவ நிக்காம நடந்தா.

மூட்டறைக்குள்ள தாரை வச்சா. பானைக் கனலும் ஆயத்தம், மண்ணும் ஆயத்தம். உச்சி வெயிலு. பலகையக் கையில எடுத்தவ அதைச் சாத்தாம கீழ வச்சிட்டு, வாசல்ல மண்டி போட்டுக் குனிஞ்சு கூப்பிட்டா.

"பிரமாச்சி, உள்ள இருக்கியாம்மா?"

அன்னைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒண்ணும் கேக்கல. காத்து நின்னுட்டுது. திரும்பவும் கூப்பிட்டா. அப்பத் தூர மூலையில இருந்து, சருகுக்கு அடியில இருந்து வார மாதிரி ஒரு குரலு.

"இருக்கேன் மதினி."

ஆவுடை நெனைச்சிருந்தா பயந்து ஓடியிருக்கலாம். பலகையச் சாத்தியிருக்கலாம். அவ என்ன செஞ்சா, கனல்பானையத் தூக்கி வெளிய கொட்டுனா. பலகைய எட்ட எறிஞ்சா. குனிஞ்சு உள்ள போனா. போயி அந்த மூலையில, சுவத்துல சாஞ்சு உக்காந்தா. பக்கத்துல ஆரோ உக்காந்திருக்குற மாதிரி ஒரு குளிரு. களிமண்ணுக் குளிரு.

"என்ன வேணும் தாயி?"

"பசிக்குது மதினி."

"காயாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறு. நான் போகல, இங்கனயே இருக்கேன்."

புகை இல்ல, மூட்டம் இல்ல. தெறந்த வாசலு. ஆவுடை தாரை மடியில சாத்திக்கிட்டு அங்கேயே இருந்தா. ஆரோ கஞ்சி கொண்டாந்து வாசல்ல வச்சா அதைக் குடிப்பா. பகல் வந்துது, போச்சு. முத்துன காய்க்குப் புகை எதுக்கு? அது தன் சூட்டுலயே பழுக்கும். தலைச்சீப்பு மொதல்ல மஞ்சளாச்சு. பொறவு அதுக்குக் கீழ உள்ளது. பொறவு அதுக்குக் கீழ. ஊர் சனம் வாசல்ல வந்து எட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டாவ. தளவாயும் வந்தாரு. சனத்தோட நின்னாரு. பழுத்த சீப்பையெல்லாம் ஆவுடை வெளிய குடுத்துட்டா. தின்னவங்க சொன்னாவளாம், இப்படி ஒரு ருசி நாக்குல பட்டதில்லன்னு. அவ ஒண்ணுகூட வாயில வைக்கல.

கடைச்சீப்புதான் கடைசியாப் பழுத்துது. பிள்ளை வெரல் மாதிரிச் சின்னப் பழம். ஆவுடை ஒண்ண உரிச்சு, இருட்டுக்குள்ள நீட்டுனா.

வாங்கிக்கிட்டா. ஈரமான வெரலு அவ உள்ளங்கையில பட்டுது. உரிச்சு உரிச்சுக் குடுத்தா. ஒவ்வொண்ணா வாங்கிக்கிட்டா. சீப்பு முடிஞ்சுது.  பொறவு பக்கத்துல இருந்த குளிரு மெல்லக் கொறைஞ்சு, கொறைஞ்சு, சுவரு சாதாரண மண்சுவராச்சு. ஆவுடை கூப்பிட்டுப் பாத்தா. பதில் வரல. அப்பத்தான் அவ வெளிய வந்தா. வெயில்ல நின்னு வாய்விட்டு அழுதா. தளவாய் பக்கத்துல வந்து மண்ணுல உக்காந்தாரு. வெறும் பழத்தொலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

அந்த வருசத்துல இருந்து ஊர்ல பழம் பழுத்துது.

பூலாமடையில கொடைக்குப் பெரிய தாரு ஆருதுன்னு இப்ப ஆரும் அளந்து பாக்குறதில்ல. பரிவட்டமும் நின்னுபோச்சு. எந்தத் தார் வெட்டுனாலும் கடைச்சீப்பை விக்க மாட்டாவ. பாதையோரத்துல நிக்குற பிரமாச்சி கல்லு மேல வச்சிட்டுப் போயிருவாவ. மாசமா இருக்குற பொம்பளை ஆரா இருந்தாலும், எந்த ஊரா இருந்தாலும், கேக்காம எடுத்துக்கிடலாம். எடுக்குறவங்களை நின்னு பாக்கக் கூடாது, அதுவும் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அங்க எவரு மூட்டம் போட்டாலும் பலகை சாத்துறதுக்கு முந்தி வாசல்ல மண்டி போட்டு, "பிரமாச்சி, உள்ள இருக்கியாம்மா?"ன்னு கூப்பிட்டுக் காத்திருப்பாவ. பதில் வந்ததா எனக்குத் தெரிஞ்சு ஆரும் சொன்னதில்ல. ஆனா வந்தா என்ன செய்யணும்னு அந்த ஊர்ல சின்னப் பிள்ளையளுக்குக்கூடத் தெரியும். கனலைக் கொட்டிரணும். பலகையச் சாத்தக் கூடாது. உள்ள போயி, பக்கத்துல உக்காந்துக்கிடணும்.